ரப்பர் உறை

பழனாத்தாவுக்கு இரண்டு கண்ணும் மங்கி எட்டு மாதமாகிறது. சந்தைக்கு ஓட்டிவந்த கிழட்டு மாட்டின் வயதை மறைப்பதுபோல அதை மறைத்து, வெங்காயத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தாள். தெரிந்தால் வேலை போய்விடும். படுக்கையில் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சியும் போய்விடும். தண்டை விரலிடையே உருட்டிப் பார்ப்பாள். வழுக்கி உருண்டால் வெங்காயம், மூன்று பட்டையாக இடறினால் கோரைக்களை. ஒருநாளும் தப்பியதில்லை. இன்றைக்குத் தோட்டத்துக்காரர் சென்னியப்பன் புண்ணியம் தேடிக்கொண்டார். "நேத்து மருந்தடிச்சிருக்குது, வெறுங்கையில தொட்டுப்போடாதீங்க" என்று ஆளுக்கொரு சோடி ரப்பர் உறையை மாட்டவைத்து, வரப்பிலேயே நின்றுகொண்டார். உறைக்கு எல்லாத் தண்டும் ஒன்றுதான். முதல் இழுப்பிலேயே பிஞ்சு வெங்காயம் வந்துவிட்டது, வாசத்தில்தான் தெரிந்தது. அதை மடியில் திணித்துக்கொண்டாள். பிறகு நன்றாகக் குனிந்து, அடுத்த தண்டை உதடுகளுக்கிடையே வைத்து மெல்ல உருட்டினாள். மூன்று பட்டை. பிடுங்கினாள்.

"ஏனாத்தா, செடிக்கு முத்தம் குடுக்கறயா?" என்றார் சென்னியப்பன். பெண்கள் சிரித்தார்கள்.

"கட்டுனவனுக்குக் குடுத்து என்னத்தக் கண்டேனுங்க? இதுகளாவது பேசாம வாங்கிக்குது" என்றாள் பழனாத்தா. உதடு எரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்தது. பாத்தி இன்னும் பாதி கிடந்தது.