ஒரு கூம்பையும் இடிக்காதவள்

நிவீன் கார் சாவியை மேசைமேல் விட்டெறிந்தாள். கெய்ரோவில் ஓட்டுநர் பள்ளி நடத்தும் ஷவ்கியின் தேநீர் தளும்பிச் சிந்தியது.

“மூணு வாரமும் மைதானத்துல பிளாஸ்டிக் கூம்பைச் சுத்தி ரிவர்ஸ் எடுக்கத்தானே சொல்லிக்குடுத்தீங்க உஸ்தாத்? ஒரு நாளாவது ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”

“டெஸ்ட்ல அதைத்தானேம்மா கேக்குறாங்க? ஒரு கூம்பைக்கூட இடிக்காம பாஸ் பண்ணினவ நீ. உனக்கென்ன கோவம்?”

“இன்னிக்கு ரிங் ரோட்டுல ஒரு மைக்ரோபஸ் குறுக்க பாஞ்சுது. காலுக்கடியில பிரேக் இருந்தும் மிதிக்கத் தோணல. முகத்தைப் பொத்திக்கிட்டு அலறினேன்.”

“புதுசா லைசன்ஸ் வாங்கினவங்க எல்லாரும் அப்படித்தான். ரோடு தானா கத்துக்குடுக்கும்.”

“செத்ததுக்கு அப்புறமா?”

ஷவ்கி சிரித்தார். “வாயாடி! முழுசாத்தானே வந்து நிக்குற? கடைசியில பிரேக் போட்டுட்டேல்ல?”

“நான் போடல. டாலியா போட்டா.”

“எந்த டாலியா?”

“போன வாரம் நீங்க சேத்துவிட்ட பொண்ணு. ரோட்டுல ஓட்டியே ஆகணும்னு அடம் புடிச்சா. ஸ்டியரிங் அவ கையில, நான் பக்கத்துல, தனி பிரேக் வெச்ச வாத்தியார் சீட்டுல! லைசன்ஸ் வாங்கின மறுநாளே என்னை வாத்தியாரம்மா ஆக்கினீங்களே, வெக்கமா இல்ல? எனக்கு இந்த வேலையே வேணாம்.”

ஷவ்கியின் சிரிப்பு நின்றது. சிந்திய தேநீரைத் துடைத்தபடியே கேட்டார்.

“அந்த டாலியாவுக்கு டெஸ்ட் என்னிக்கு?”

“வர்ற வியாழன். ஏன்?”

“பாஸ் ஆனதும் என்னை வந்து பாக்கச் சொல்லு. பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியாரம்மா வேணும்.”