கடைசியாக வருகிறவர்

கற்களைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

முன்னால் ஊர் பாடிக்கொண்டு போயிற்று. உயிர்த்தெழுந்த பண்டிகை, ஈஸ்டர். இன்னும் விடியவில்லை. மெழுகுவர்த்திகள் தெரு முனையில் திரும்பி மறைந்தன.

அவர் மட்டும் பின்னால். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

கோயிலிலிருந்து புறப்படும் பவனி தெருக்களைச் சுற்றி, கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, மறுபடி கோயில் வாசலுக்கே வரும். முந்தின நாள் மாலையே சாரணப் பையன்கள் வழி நெடுகக் கல்லால் அம்புக்குறி போட்டுவைப்பார்கள். ஊருக்கு வழி தெரியாமல் இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் அம்புக்குறி போடாமல் பவனி கிளம்பாது. எத்தனையோ போதகர்கள் மாறிப் போனார்கள், இது மட்டும் மாறவில்லை.

கடைசிக் குறி கோயில் வாசலில். கல்லால் ஒரு வட்டம். நடுவில் ஒரே ஒரு கல்.

வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

கடைசியாக வருகிறவர் எல்லாக் குறிகளையும் கலைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பிறகு வருகிறவன் பழைய குறியை நம்பி வழி தப்புவான். மற்ற நாள் பயிற்சியில் ஒரு அம்பு மிச்சம் கிடந்தால்கூடப் பையன்களை நிற்கவைத்துத் திட்டுகிற மனுஷன் அவர். ஊருக்கு அவர் ஸ்கவுட் சார். கிறுக்கு சார் என்றும் ஒரு பேர் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

போன வருஷம் கல் போட்டவன் கிப்சன். அணித்தலைவன். அவருடைய ஒரே மகன்.

இந்த வருஷம் லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிய வாரம் காய்ச்சல் என்று படுத்தான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நடந்து போய் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியவனைப் பெட்டியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்துக்குப் பையன்கள் சீருடையில் வந்தார்கள். அவனுடைய ஸ்கார்ஃபைப் பெட்டிமேல் போட்டார்கள். ஒவ்வொருவனாக வந்து அவருக்கு இடது கை கொடுத்தான். சாரணர்கள் இடது கைதான் கொடுப்பார்கள். சாவு வீட்டில் பீச்சாங்கையா என்று யாரோ முனகியது அவர் காதிலும் விழுந்தது. எல்லாக் கையையும் பிடித்துக் குலுக்கினார். அழவில்லை. பையன்கள் பார்க்கிறார்களே என்று நிமிர்ந்தே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. மனைவி மேபல் தினமும் வந்தாள். புருஷனையும் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் அம்புக்குறி வேண்டாமா சார் என்று பையன்கள் கேட்டார்கள். எப்போதும்போலப் போடுங்கள் என்றார். நீங்கள் என்னோடு முன்னால் வாருங்கள் என்று போதகர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை.

இன்றைக்குத் தோட்டத்து வாசலிலேயே தீர்மானித்துவிட்டார். வலது பக்கம் பார்ப்பதில்லை. வலது பக்கம், பாதையை ஒட்டி, முதல் வரிசையில், புது மண்.

முகத்தை இடது பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு நடந்தார். காலுக்குப் பழக்கம் இருந்தது. கல் தட்டுப்படும், தள்ளும். தட்டுப்படும், தள்ளும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

மறுபடி கல் தட்டியது.

தள்ளினார். அம்பு என்றால் ஒரு தள்ளில் போய்விடும். இது போகவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்.

ஒரு கல் உருண்டுபோய் மரக்கட்டையில் மோதுகிற சத்தம் கேட்டது.

அங்கே மற்றவர்களுக்கெல்லாம் சிமெண்டும் கிரானைட்டும். மரச்சிலுவை ஒருவனுக்குத்தான்.

திரும்பிப் பார்த்தார்.

மண்மேட்டின் கால்மாட்டில், மரச்சிலுவைக்கு முன்னால், பாதி வட்டம் மிச்சம் இருந்தது.

பையன்கள் அவரிடம் சொல்லவில்லை. கோயில் வாசலில் மட்டும் போடுகிற குறியை இங்கேயும் போட்டிருந்தார்கள், தங்கள் அணித்தலைவனுக்கு. ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல். கழுவிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

அவர் அப்படியே மண்ணில் முட்டி போட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் மக்கா, தெரியாமல் செய்துவிட்டேன் என்று வாய் ஓயாமல் சொல்லிற்று.

இருட்டில் துழாவினார். ஒவ்வொரு கல்லாகக் கிடைத்தது. எது சுற்றுக் கல், எது நடுக் கல்? எல்லாம் ஒன்றுபோல இருந்தன. உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். தெரியவில்லை.

அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து அழுதார்.

கோயில் மணி அடித்தது. உயிர்த்தெழுந்தார் என்று ஊர் சத்தமாகப் பாடியது. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மேபல் பவனியை விட்டுத் திரும்பி வந்தாள். செருப்புச் சத்தத்திலேயே அவள்தான் என்று தெரிந்தது. மண்மேட்டைப் பார்த்தாள். பாதி வட்டத்தைப் பார்த்தாள்.

அவர் இரண்டு கையிலும் இருந்த கற்களை அவளிடம் நீட்டினார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நீட்டினார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து ஏதோ ஒரு கல்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். நடுவில் வைத்தாள்.

"கடைசியா வாரவங்கதான கலைக்கணும்? இவன் போன வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் இன்னும் வரணும்லா."

பாட்டு கோயிலுக்குள் போய்விட்டது. லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் வைத்த கல்லைச் சுற்றி அவர் மறுபடி வட்டம் அடுக்கினார். கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.