மூன்று பேனாக்காரர்

"யாருண்ணே அது? நேத்துல இருந்து நம்மளயே பாத்துக்கிட்டு நிக்காரு?" என்று கேட்டான் சுடலைமுத்து.

சூளகிரித் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வெல்டிங் செய்யும் முனிராஜுக்கு ஆளைப் பார்த்தாலே போதும். சட்டைப்பையில் மூன்று பேனா. நிமிஷத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை.

"டைம் ஸ்டடி ஆளுடா. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கெடுக்க வந்திருக்காரு. புது வண்டி மாடலுக்கு இன்னும் டார்கெட் போடல. நாம வேகமா செஞ்சா அதையே தலையில கட்டிருவாங்க. மெதுவா போடு."

மணிக்கு அறுபது பிரேம் பற்றவைக்கக்கூடியவர்கள் நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த மனிதர் முனிராஜிடமே வந்தார். "இன்னும் கொஞ்சம் வேகமா முடியாதுங்களா?"

"நாப்பதுக்கு மேல மனுசனால ஆகாதுங்க சார்!" வராத வியர்வையை வழித்துவிட்டார் முனிராஜ்.

அதையும் எழுதிக்கொண்டு நோட்டை மூடியவர், முதல் தடவையாக டீயை வாங்கி ரசித்துக் குடித்தார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க அம்பது போட்டிருந்தாக்கூட, எங்க வெல்டிங் ரோபோ இங்க தேவையில்லன்னு உங்க மேனேஜ்மென்ட்ல சொல்லியிருப்பாங்க."