கொக்கியின் குரல்

கட்டடச் சாரத்தில் நிற்கும் எவரும் பாதுகாப்பு பெல்ட்டுக்குப் பதில் சொல்வதில்லை. கொக்கி கழன்றால் அது அவரவர் வீட்டாரின் குரலில் எச்சரிக்கும். கேட்டவர் கேளாதவர்போல் கொக்கியை மாட்டிக்கொள்வார்.

மனைவி பூங்காவனத்தை அடக்கம் செய்துவிட்டுப் பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பிய கொத்தனார் அய்யாக்கண்ணு, இருபதாவது மாடியில் அன்று மூன்று முறை கொக்கியைத் தாமே கழற்றினார்.

“இன்னாண்ணே, கையில வெண்ணெயா தடவிக்கினு வந்த?” என்ற தேசிங்கு, பூச்சுக் கரண்டியைத் தாழ்த்தினான். “வேற குரலு மாத்திக்கோண்ணே.”

அய்யாக்கண்ணு நான்காம் முறையும் கழற்றினார். பெல்ட் பூங்காவனத்தின் குரலில் பேசியது.

“ஏங்க, கொக்கிய மாட்டுங்க. நான் வூட்ல காத்துக்கினு இருக்கேன்ல.”

கீழே வெகு தொலைவில் லாரிகள் ஊர்ந்தன. சாரத்திலிருந்த அனைவருக்கும் கேட்கும்படி அவர் கேட்டார்:

“எங்கடி இருக்க?”