மேல்வீட்டுக் குழாய்

"தப்பு உங்க பேர்ல இருந்திருந்தா, இன்னிக்கே சாமானைத் தெருவுல வெச்சிருப்பேன் ஓத்திலியாம்மா. அடுப்பை அணைக்க மறந்தீங்களே, அப்பவே சொன்னேனா இல்லையா?"

ஈர நாற்றத்துக்குக் கிரிசெல்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கதவு ஊதிப்போய் மூட மறுத்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. புருஷன் அவளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து, இந்தத் தரைத்தள வாடகை வீடு.

எழுபதைத் தாண்டிய ஓத்திலியா அங்கே தனியாகக் குடியிருந்தார். கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அவங்க என்ன பண்ணுவாங்க, என் தப்புதாம்மா." வாசலில் மேல்வீட்டு ஃபெர்மின் தலைகுனிந்து நின்றார். "குழாயைத் திறந்து வெச்சது மறந்துபோய் வியாபாரத்துக்குப் போயிட்டேன். தண்ணி வந்து வழிஞ்சிருக்கு."

இந்த இஸ்தபலப்பா பேட்டையில் எல்லோரும் செய்வதுதான். வாரத்தில் சில நாள்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அதுவும் நேரங்கெட்ட நேரத்தில். காய்ந்த குழாயைத் திறந்தே வைத்திருந்து, வாளியில் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுவார்கள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிரிசெல்தாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் காதால் கேட்டதோடு சரி.

"உங்க மறதிக்கு என் வீடுதான் கிடைச்சுதா? கதவு, பூச்சு வேலை, எல்லாச் செலவும் உங்க தலையிலதான்."

"குடுத்துடறேம்மா."

பேரம்கூடப் பேசவில்லை. திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடி பணம் வந்து சேர்ந்தது. ஆனால் வேலைக்கு வந்த தச்சர், சுவர் அலமாரியும் உளுத்துப்போச்சு என்றார். அதையும் கறந்துவிடுவது என்று கிரிசெல்தா மறுபடி கிளம்பி வந்தாள்.

மாடிப்படியில் ஃபெர்மின் தண்ணீர் வாளியோடு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்.

"ஊரையே முழுகடிக்கிற குழாய் வீட்டுக்குள்ள இருக்கு. இது வேற எதுக்கு?"

"பழக்கதோஷம்மா."

"அலமாரியும் போச்சு. அதுக்கும் நீங்கதான் குடுக்கணும்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. விக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் கவனித்தாள். படியடியில் நிற்கும் அவருடைய சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டியைக் காணோம். சாயங்காலமானால் ஆவி பறக்க விசில் ஊதிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வண்டி. மனிதருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மனசு லேசாக உறுத்தியது. உறுத்தலை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"முதல்ல குழாயை ஒழுங்கா மூடி வெச்சிருக்கீங்களான்னு பார்க்கறேன்."

"வேணாம்மா, விடுங்க" என்று அவர் பதறுவதற்குள் மேலேறி அவர் வீட்டுக்குள் போய்க் குழாயைத் திருகிவிட்டாள்.

கீழே ஓத்திலியா வீட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது. இங்கே குழாயிலிருந்து கொஞ்சம் துருப்பொடிதான் உதிர்ந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மோட்டார் எரிஞ்சதுலேர்ந்தும்மா. ரெண்டு வருஷமா மேல தண்ணி ஏறல."

கீழ்வீட்டின் உட்கூரை கிரிசெல்தாவின் கண்முன் வந்தது. அதில் ஒரு கறைகூட இல்லை. அன்றைக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"அப்போ... திறந்து வெச்சு மறந்தது அவங்களா?"

ஃபெர்மின் வாளியை இறக்கி வைத்தார்.

"எல்லாமே மறந்துபோகுதும்மா அவங்களுக்கு. கடைக்குப் போனா வழி தெரியாம நிக்கிறாங்க. இன்னும் மறக்காத இடம் இந்த வீடு ஒண்ணுதான். இதையும் விட்டா எங்க போவாங்க, சொல்லுங்க."

சாமானைத் தெருவில் வைப்பேன் என்று சொன்ன தன் வாயின் மேலேயே கிரிசெல்தாவுக்கு வெறுப்பு வந்தது.

"வண்டியை யாருக்கு வித்தீங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஓத்திலியா வீட்டில் வாளி நிரம்பி, தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ ஜன்னலோரம் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கிரிசெல்தா போய்ச் சத்தமில்லாமல் குழாயை மூடினாள்.

ஓத்திலியா திரும்பிப் பார்த்தார். கிட்டே வந்து, மேல்வீட்டுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மனுஷனை ரொம்பத் திட்டிடாதீங்கம்மா. பாவம், மறதி வந்துருச்சு அவருக்கு. கவனிச்சுக்க ஒரு ஆளும் இல்ல. நான்தான் அப்பப்போ ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."