சிவப்பு சாக்கெட்

நாற்பத்தொன்றாவது கேள்வியில் திரை அணைந்தது.

பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரல் வலிக்கும்வரை அழுத்தினாள்.

பேட்டரி செத்த பழைய லேப்டாப். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும்.

ஆனால் மின்சாரம் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கணவன் டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான்.

அப்போதுதான் புரிந்தது.

வாடகை வீடு. கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் அவன் வாங்கி மாட்டிய சர்ஜ் புரொடெக்டர், ஐந்து சாக்கெட் உள்ள நீளப் பெட்டி. கடையில் அவள் காட்டியது வேறு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி சுவிட்ச் இருந்தது. அவன் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கரண்ட் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்ன இதையே எடுத்தான். ஒரு சிவப்பு சாக்கெட், நான்கு வெள்ளை. சிவப்பில் செருகியது ஓய்ந்தால் வெள்ளையில் இருப்பதெல்லாம் தானாக ஓயும்.

சிவப்பில் டிவியைச் செருகினான். யாரையும் கேட்கவில்லை.

வெள்ளையில் கொசு விரட்டி, செல்போன் சார்ஜர், அவளுடைய லேப்டாப்.

டிவி ஓயாத வீடு. அதனால் மாட்டி மூன்று நாளாகியும் தெரியவில்லை.

மெடிக்கல் கோடிங் வேலைக்கான தேர்வு. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட வேலையை எட்டு வருடம் கழித்துத் திரும்பப் பிடிக்கும் வழி.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"டிவியப் போட்டு வச்சுக்கிட்டு எழுத வேண்டியதுதானே?" என்றான்.

அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. கீழே வைத்தாள். வைக்காவிட்டால் எறிந்திருப்பாள்.

நிறுவனத்துக்கு எழுதினாள். மின்தடை என்று.

வேறு என்ன எழுதுவது?

ஞாயிறு மூன்று மணி, கடைசி வாய்ப்பு என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவன் சாப்பிட்டுக் கை கழுவப் போனான். அவள் குனிந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கினாள். லேப்டாப்பை சிவப்பில் செருகினாள். டிவியை வெள்ளையில்.

மேட்ச் பாதியில் இருந்தது. வந்து உட்கார்ந்தான். திரை கறுப்பு. ரிமோட்டைத் தொடையில் தட்டினான். அதன் பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்தான்.

அவள் லேப்டாப்பை இயக்கினாள்.

டிவி வந்தது.

அவன் சுவரோரம் பார்த்தான். சிவப்பு சாக்கெட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. அதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. திரும்பிக்கொண்டான்.

அறுபது கேள்வி. ஒன்றே கால் மணி நேரம். எழுதி அனுப்பினாள். லேப்டாப்பை அணைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"ஏய் ஏய், ஆஃப் பண்ணிடாத. இன்னும் நாலே ஓவர்தான்."

பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. கண் டிவியிலேயே இருந்தது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"டீ போட்டுட்டு வாங்க."

இப்போது திரும்பினான். அவள் முகத்தை அல்ல, விரலைப் பார்த்தான்.

எழுந்து போனான்.

அடுக்களையில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம். எதில் சர்க்கரை, எதில் தூள் என்று அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

மைதானம் அலறியது.

"யாரு அவுட்டு? ஏய், யாரு அவுட்டு?"

ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தைக் குறைத்தாள்.