தெல்மாவின் குடை

தெல்மா கொண்டுவந்து வைத்திருந்த தொட்டியில் என் பெயர் பூத்திருந்தது.

மங்கிய ஊதாவில் அடுக்கு பிரிம்ரோஸ். இதழ் ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு. அதை உருவாக்கியவர் என் கணவர் நார்மன். வருஷக்கணக்காக மினக்கெட்டு, கடைசியில் ஒரே ஒரு நாற்றில் அந்த நிறம் வந்தபோது அதற்கு ஆட்ரி என்று என் பெயரை வைத்தார்.

இது உலகத்திலேயே நம் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்றார். லீட்ஸில் இருக்கும் சொந்தத் தங்கை கேட்டும் ஒரு துண்டு கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவள் ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

நார்மன் போய் இரண்டு வருஷமாகிறது.

இந்த ரகம் விதை வைக்காது. தூரைப் பிரித்துக் கொடுத்தால்தான் இன்னொரு வீட்டுக்குப் போகும். யாரோ பிரித்திருக்கிறார்கள்.

அன்று ஊர் மண்டபத்தில் வசந்தகாலச் செடி மாற்று. ஒரு செடியை வைத்தால் ஒரு செடியை எடுத்துப் போகலாம். நார்மன் போனபின் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அன்றும் வருவேன் என்று யாரும் நினைக்கவில்லை. தெல்மா நிச்சயமாக நினைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தேநீர்க் கோப்பையைத் தொட்டிக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

மேசையின் அந்தக் கோடியில், செடி மாற்றை நடத்தும் கென்னத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் நீட்டிய செடியை வாங்கிய புதுப் போதகரின் மனைவி, விவரம் தெரியாமல் நன்றி சொல்லித் தொலைத்துவிட்டாள். எங்கள் ஊரில் செடிக்கு நன்றி சொன்னால் அது பட்டுப்போகும். கென்னத் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்து, இதையாவது வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தூரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தடித்திருந்தது. நேற்றோ போன வருஷமோ பிரித்ததில்லை. அப்படியானால் நார்மன் உயிரோடு இருந்தபோதே போயிருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தில் புல் வெட்டப் போவார். அங்கே பூ அலங்காரம் தெல்மாவின் பொறுப்பு. அந்தப் புல் என்ன, வாரம் தவறாமல் வெட்டும் அளவுக்கா வளர்ந்தது? பனி கொட்டும் ஜனவரியில்கூடப் போனாரே. மற்ற நாளெல்லாம் நகக்கண்ணில் மண்ணோடு சாப்பிட உட்காருகிற மனிதர், வியாழன் மட்டும் கை சுத்தமாக வருவார்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒன்றை இழுத்தால் ஒன்று வந்தது.

செத்தவரிடம் கேட்க முடியாது. இருப்பவளிடம் கேட்கலாம்.

கோப்பையை நகர்த்திவிட்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மண்டபம் அடங்கிப்போனது.

தெல்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

“திருடினேன், ஆட்ரி. ஜூன்ல உங்க தோட்டத்தைத் திறந்துவிட்டீங்கல்ல, அன்னைக்கு. நார்மன் அந்தப் பக்கம் திரும்பினப்ப ஸ்பூனால ஒரு துண்டைத் தோண்டி குடைக்குள்ள போட்டுக்கிட்டேன்.”

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு நாங்கள் எல்லோரும் வேலிக்கதவைத் திறந்துவைத்து, ஊருக்கே தோட்டத்தைக் காட்டுவோம். வெயில் கொளுத்திய நாளில் இவள் எதற்குக் குடையோடு திரிகிறாள் என்று தான் அப்போதே யோசித்ததாகக் கென்னத் சொன்னார். அவர் எதையும் யோசித்திருக்க மாட்டார்.

பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் தொட்டிகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் குடிகாரனை மன்னிக்கும், கட்டியவனை விட்டு ஓடினவளைக்கூட மன்னிக்கும். தோட்டம் பார்க்க வந்த இடத்தில் செடி திருடியவளை இனி யாரும் வேலிக்குள் விட மாட்டார்கள். அது தெல்மாவுக்கும் தெரியும். முகம் சிவந்து, மேசை விரிப்பைப் பார்த்தபடி நின்றாள்.

பாவம் நார்மன், அத்தனை பொத்திப் பொத்தி வைத்தும் இப்படி ஆகிவிட்டதே என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு ஜூனிலும், வேலிக்கதவு திறப்பதற்கு முந்தின மாலையே, நார்மன் அந்தச் செடியைத் தொட்டியோடு மாடிக்குத் தூக்கிப் போய் எங்கள் குளியலறையில் வைத்துப் பூட்டிவிடுவார். கடைசி ஆள் போகும்வரை சாவி என் பையில் இருக்கும். ஊருக்கே தெரியாமல், சின்னப் பிள்ளைகள் போல நாங்கள் இருவரும் அதை நினைத்துச் சிரிப்போம்.

அதை மட்டும் அவர் தெல்மாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் கொண்டுபோயிருந்த செடியை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“ரொம்ப நன்றி, தெல்மா,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

கென்னத் மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வயதாகிவிட்டதாம், மறந்துவிட்டேனாம்.